நூற்று அறுபத்து மூன்று மில்லிமீட்டர்

பதினோராவது பட்டியலை எழுதி முடித்ததும், பத்தாவது பட்டியலே சரியாக இருந்ததோ என்ற சந்தேகம் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரியில்தான் வித்தியாசம். பத்தாவதில் பவர் சப்ளை ஐந்நூற்று ஐம்பது வாட். பதினோராவதில் அறுநூற்று ஐம்பது. இந்த நூறு வாட்டுக்காக மூன்று மாலைகளைச் செலவழித்திருந்தேன்.

கடையில் தயாராக இருக்கும் கம்ப்யூட்டரை வாங்கியிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் என்னால் வாங்க முடிந்த எந்தத் தயார் மெஷினும் நான் போட்டிருந்த கணக்குக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பகலில் நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசியில் புகார் எடுக்கிறேன். மாலையில் கட்டட வரைகலை வகுப்பு. வகுப்பின் கடைசி வேலை இரண்டு நிமிடப் படம். நாமே வரைந்த ஒரு வீட்டுக்குள் கேமரா நடந்து போவது போல் அதைச் செய்ய வேண்டும். விநாடிக்கு இருபத்துநான்கு வீதம் மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது படங்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் தனித்தனியாக ஒளி, நிழலோடு தீட்டி முடிக்கும். வருகிற படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டடக்கலை அலுவலகத்துக்கு ஆசிரியை இரண்டு பேரைப் பரிந்துரைப்பார். அந்த இருவரில் ஒருத்தி நானாக இருக்க வேண்டும். இருந்தால், "உள்ள ஆள் மாட்டியிருக்காங்களா சார்?" என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் கேட்கும் வேலையிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

வீட்டு வரைபடத்தில் ஆசிரியை கடைசித் திருத்தம் சொல்வது ஒரு வெள்ளிக்கிழமை. படத்தைக் கொடுக்க வேண்டியது அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. திருத்தங்களை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் முடித்தாலும் நூற்று முப்பத்தாறு மணி நேரம்தான் மிஞ்சும். நான் பார்த்து வைத்திருந்த ப்ராசஸருக்கு ஒரு படம் தீட்ட மூன்று நிமிடம். மொத்தம் நூற்று நாற்பத்துநான்கு மணி நேரம். எட்டு மணி நேரம் இடித்தது.

இந்த எட்டு மணி நேரத்துக்காகத்தான் ஓவர்கிளாக். ப்ராசஸரை அதன் கம்பெனி சொல்லியிருக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டுவது. பத்து சதவீதம் கூட்டினால் நூற்று முப்பத்தொரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூட்டினால் சூடு ஏறும். சூட்டை இறக்கப் பெரிய கூலர் வேண்டும். அதற்கு ஏற்ற போர்டு, அதற்கு ஏற்ற பவர் சப்ளை... இப்படித்தான் பதினொரு பட்டியல்.

நான்காவது பட்டியலை வகுப்பில் டிகிரியிடம் காட்டினேன். அவனுக்கு அந்தப் பெயர் வந்தது படிப்பினால் இல்லை. எப்போது பார்த்தாலும், "என் மெஷின் நேத்து எழுபத்திரெண்டு டிகிரி" என்று தன் கம்ப்யூட்டரின் சூட்டைப் பற்றிக் வீட்டில் காய்ச்சல் நோயாளியை வைத்திருப்பவன் மாதிரி பேசிக்கொண்டிருப்பான். நான் பார்த்து வைத்திருந்த அதே ப்ராசஸர் அவனிடமும் இருந்தது. மூன்று நிமிடக் கணக்கு அவன் மெஷினில் ஓட்டிப் பார்த்து எடுத்ததுதான்.

பட்டியலைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏ லிஃப்ட்டு, வேகத்த கூட்ட விடுற, பூட்டில்லாத ப்ராசஸர் போட்டிருக்க, சரி. ஆனா இந்த மதர்போர்டுல வேகத்த கூட்டவே முடியாதே. பாட்டுக்காரன கூட்டிட்டு வந்து வாய கட்டிப்போட்ட கதையா இருக்கு."

"பெட்டியில 'சப்போர்ட்'னு போட்டிருந்துச்சு."

"ப்ராசஸர் அதுல ஓடும்னுதான் அர்த்தம். கூட்டலாம்னு அர்த்தமில்ல. பேசாம என் லிஸ்ட்ட அப்படியே வாங்கிட்டுப் போ. எதுக்கு மண்டைய உடைச்சுக்கிற?"

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. எங்கள் வீட்டில் ஃபேன் வாங்கியது அண்ணன், என் ஃபோனைத் தேர்ந்தெடுத்தது அண்ணன், நான் எந்த வகுப்பில் சேரலாம் என்று முதலில் சொன்னதும் அவன்தான். இந்த ஒன்றையாவது நானே தேர்ந்தெடுத்து, நானே பூட்டி, நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தப்பாகப் போனால் அதுவும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்துவிட்டு, தப்பே வராமலிருக்க ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன்.

அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. "எது வேணா வாங்கு. ஆனா மூடி இருக்கணும்."

காரணம் உண்டு. எங்கள் முன்னறையில் ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின். துணிக்கடை ஒன்றிலிருந்து பேன்ட் அடி மடிக்க, ஜிப் மாற்ற என்று வாரம் நாற்பது உருப்படிகள் வரும். வெட்டும்போது பறக்கும் பஞ்சும் நூல் பிசிறும் அறை முழுக்க மிதக்கும். என் பழைய லேப்டாப் அதைத் தின்றுதான் செத்தது. பிரித்துப் பார்த்தபோது ஃபேனுக்குள் சின்னத் தலையணை ஒன்றுக்குத் தேவையான பஞ்சு இருந்தது. கம்ப்யூட்டர் வைக்க வேறு இடம் கிடையாது. அதனால் நான்கு பக்கமும் மூடிய கேபினெட், காற்று நுழையும் இடத்தில் வலை. இது எல்லாப் பட்டியலிலும் மாறாமல் இருந்த ஒரே வரி.

கேபினெட்டை அண்ணன் அவன் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தான். கழித்துக் கட்டிய பழைய இரும்புப் பெட்டி. மாடல் எண் உரிந்துபோயிருந்தது.

"நல்ல கட்டுமஸ்தான பெட்டி. ஏறி நின்னு பல்பு மாட்டலாம்."

"உள்ள எவ்வளவு இடம்னு தெரியலையே? இணையத்துல தேடக்கூட பேரு இல்ல."

"அளந்து பாரு, ஆடிட்டரம்மா. வீட்டுல டேப்பா இல்ல?"

என்னைச் சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அளந்தேன். போர்டையும் ப்ராசஸரையும் முதலிலேயே வாங்கி உள்ளே பொருத்திவிட்டேன். ப்ராசஸரின் முதுகிலிருந்து பக்கக் கதவு வரும் இடம் வரைக்கும் எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. கூலர் அதற்குள் நிற்க வேண்டும். என் ஸ்கேல் பதினைந்து சென்டிமீட்டரோடு முடிந்துவிட்டது. அம்மாவின் டேப்பை எடுத்தேன். துணி டேப் நிற்காமல் துவண்டதால் ஒரு நீளப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்து, கதவின் விளிம்பில் ஒரு அட்டையைக் குறுக்கே வைத்து அளந்தேன். நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர். மறுநாள் காலையில் இன்னொரு முறை. நூற்று அறுபத்தைந்து. வகுப்பிலிருந்து வந்ததும் மூன்றாவது முறை, இந்த முறை வேறு மூலையிலிருந்து. நூற்று அறுபத்தைந்து. நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

கூலர் வாங்க சனிக்கிழமை கடைக்குப் போனேன். முந்தைய நாள்தான் ஆசிரியை கடைசித் திருத்தங்களைச் சொல்லியிருந்தார். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க மேடம், நோட்டு மேடம். இன்னைக்காவது எடுக்கிறீங்களா, இல்ல பாத்துட்டு எழுதிட்டுப் போறீங்களா?"

"இன்னைக்கு எடுக்கிறேன். இந்த ரெண்டுல எது அதிகமா சூட்டை இழுக்கும்?"

"பெருசுதான். ரெண்டு தகட்டு அடுக்கு இருக்கிற இரட்டைக் கோபுரம். நூத்து அறுபத்து மூணு மில்லி. உங்க பெட்டியில போகுமா? பாதிப் பேரு அளக்காம வாங்கிட்டு வந்து சண்டை போடுறாங்க."

"நூத்து அறுபத்தஞ்சு இருக்கு. மூணு தடவை அளந்திருக்கேன்."

"மூணு தடவையா?" அவர் பக்கத்திலிருந்த ஊழியரைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கிறவங்ககூட ரெண்டு தடவைதான் அளப்பாங்க." பிறகு பெட்டியைத் தள்ளிக்கொடுத்துச் சொன்னார்: "சூடு கடத்துற பேஸ்ட் தடவிட்டீங்கன்னா திருப்பி எடுக்க மாட்டோம். சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பதினொரு பட்டியலில் எனக்குச் சந்தேகமே வராத ஒரே பொருள் அது.

ஞாயிறு காலை அண்ணன் எனக்குப் பின்னால் நின்று என் படத்தின் வெள்ளோட்டத்தைப் பார்த்தான். வகுப்புக் கம்ப்யூட்டரில் செய்து ஃபோனில் எடுத்து வந்திருந்தேன். நிறமில்லாமல், நிழலில்லாமல், வெறும் சாம்பல் வீடு. கேமரா வீட்டு வாசலில் நின்றது.

"என்ன, ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல, ஓடுது."

"ஏன் வாசல்லயே நிக்குது? பெல் அடிச்சிருக்கா? யாராவது வந்து திறக்கணுமா?"

"அது தொடக்கம். பாக்கிறவங்க வீட்ட முழுசா உள்வாங்கிக்கணும். ஒம்பது செகண்ட்தான்."

"ஒம்பது செகண்டா? ஒன்ன மாதிரியே இருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிக்குது."

போடா என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

மதியம் வரை எல்லாம் கையில் பழகிய வேலை மாதிரி நடந்தது. மெமரி 'டக்' என்று உட்கார்ந்தது. பவர் சப்ளை வயர்களைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டினேன். ப்ராசஸரின் முதுகில் பட்டாணி அளவுக்குப் பேஸ்ட் வைத்து, கூலரை இறக்கி, நான்கு ஸ்குரூவையும் குறுக்கும் மறுக்குமாகச் சம அளவில் முடுக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் திரை வந்தது. அம்மா தையலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க, ஸ்குரூ விழுந்துவிட்டது போலக் கீழே குனிந்தேன்.

பிறகு பக்கக் கதவை எடுத்துப் பொருத்தினேன். பொருந்தவில்லை.

கொக்கிதான் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தேன். எடுத்துத் திருப்பி வைத்தேன். கதவின் நடுப்பகுதி கூலரின் உச்சியில் தட்டி, நான்கு ஓரமும் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினேன். இரும்பு முனகியது. மூன்று மில்லிமீட்டர். ஒரு பேன்ட் பட்டனின் கனம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூற்று அறுபத்தைந்து, இரண்டு கோடு. கூலர் பெட்டியைப் பார்த்தேன். நூற்று அறுபத்து மூன்று. மறுபடி டேப்பை எடுத்து, பென்சிலோடு பிடித்துக் கூலரையே அளந்தேன். நூற்று அறுபத்தெட்டு.

"பெட்டியில பொய் எழுதியிருக்கான்!" என்றேன். குரல் அளவுக்கு மீறி வந்துவிட்டது.

"என்னடி?"

"நூத்து அறுபத்து மூணுன்னு போட்டிருக்கான். அளந்தா அறுபத்தெட்டு வருது."

அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என் கையைப் பார்த்தாள். "எங்கேருந்து அளக்கிற?"

"முனையிலேருந்து."

"அந்த டேப்புல முனை ஏது? பித்தளை போயி நாலு வருஷமாச்சு. பிஞ்சு பிஞ்சு வருதுன்னு நான்தான் அரை சென்டிமீட்டர் வெட்டிட்டு ஓரம் தைச்சு வச்சேன். நான் எப்பவும் பத்துலேருந்துதான் அளப்பேன்."

டேப்பின் நுனியைப் பார்த்தேன். வெள்ளை நூலில் நுணுக்கமான ஓரத்தையல். அளவுக்கு மீறி நேர்த்தியாக இருந்தது. அதனால்தான் என் கண்ணில் படவில்லை. பெட்டிக்குள் இருந்தது நூற்று அறுபதுதான்.

"ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. ரெண்டு நாளா டேப்ப தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போன. நான் ஏதோ பாவாடைக்குன்னு நினைச்சேன்."

ஒருவர் புகார் சொன்னால் பதினான்கு கேள்வி கேட்பது என் தொழில். எந்த மாடி, கதவு திறந்திருக்கிறதா, கடைசியாகச் சர்வீஸ் எப்போது. அம்மாவிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒரே தவறான டேப்பால் மூன்று முறை அளந்து, மூன்று முறையும் ஒரே பதில் வந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். நோட்டைச் சுவரில் எறிந்தேன். அது சுவரில் படாமல் பேன்ட் குவியலில் போய் மெத்தென்று விழுந்தது. அதுகூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

மணி மூன்றரை. கடை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணியோடு மூடிவிடும். திறந்திருந்தாலும் பேஸ்ட் தடவியாகிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் அண்ணன்.

"என்ன சொன்ன? நீ ஒண்ணும் சொல்லல."

"சரி, சொல்லல. கதவ தொறந்தே வச்சா என்ன?"

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "வச்சுக்க. நான் அஞ்சாறு நாள் தைக்காம இருக்கேன். கடைக்காரர்கிட்ட ஏதாவது சொல்லிக்கலாம்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் நாற்பது பேன்ட் அடுக்கியிருந்தது. எல்லாம் புதன்கிழமைக்குள் போக வேண்டியவை.

"வேணாம்மா," என்றேன். "நீ தை."

டிகிரிக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். எதிர்முனையில் மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று புரிந்தது.

"சிரிச்சுத் தொலை."

"இல்ல இல்ல. அம்மா டேப்பா? ஐயோ, லிஃப்ட்டு... சரி, கேளு. எங்கிட்ட பழைய சின்ன கூலர் ஒண்ணு இருக்கு. உன் உள்ளங்கை உயரம்தான். தாராளமா மூடும். ஆனா பத்து சதவீதம்லாம் கனவுல. சாதா வேகத்துலதான் ஓட்டணும். கூட்டினா கொதிச்சிடும்."

"சாதா வேகத்துல எட்டு மணி நேரம் இடிக்குதே."

"அது உன் கணக்கு. கூலர் வேணுமா, வேணாமா?"

பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். பெரிய கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, சின்னதைப் பூட்டினேன். இந்த முறை கதவு ஒரே தட்டில் மூடியது. திருத்திய வீட்டு வரைபடத்தை ஏற்றி முடித்தபோது ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நோட்டைப் பேன்ட் குவியலிலிருந்து எடுத்துப் புதிய கணக்குப் போட்டேன். எட்டு மணிக்குத் தொடங்கினால் நூற்று முப்பத்துநான்கு மணி நேரம். சாதா வேகத்தில் இரண்டாயிரத்து அறுநூற்று எண்பது படங்கள்தான் முடியும். இருநூறு படம் அதிகமாக இருக்கிறது.

எதை வெட்டுவது? சமையலறையில் ஜன்னல் வெளிச்சம் மேடையில் ஊர்ந்து வரும் இடம்? முடியாது. மாடிப்படி? வீட்டில் அதுதான் என் சொந்த யோசனை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போனேன். எதையும் வெட்ட மனது வரவில்லை. திரும்ப முதலுக்கு வந்தேன். கேமரா வாசலில் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

ஒன்பது விநாடி. இருநூற்றுப் பதினாறு படங்கள்.

அண்ணன் அறையில் இல்லை, அதுவரைக்கும் நிம்மதி. அந்த இருநூற்றுப் பதினாறையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன். மூன்று வாரம், பதினொரு பட்டியல், இரட்டைக் கோபுரக் கூலர் எல்லாம் இந்தச் சும்மா நிற்கும் ஒன்பது விநாடிக்காகத்தானா என்று எரிச்சலாக வந்தது. இதை முதல் நாளே வெட்டியிருந்தால் டிகிரியிடம் சிரிப்பு வாங்காமல் எந்தப் போர்டையாவது வாங்கியிருக்கலாம்.

முதல் படத்தை ஓட்டி நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் இரண்டு விநாடி.

டிகிரியின் மெஷினில் சரியாக மூன்று. அவன் மெமரி என்னுடையதைவிடக் கொஞ்சம் வேகமானது, ஏழாவது பட்டியலில் நான் தள்ளிவிட்டது. இரண்டு விநாடியை மீதியிருந்த எல்லாப் படங்களோடும் பெருக்கினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு முடிய வேண்டியது பத்து நாற்பதுக்கு முடியும்.

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, வேகத்தை மாற்றும் திரையைத் திறந்தேன். வேகப் படி நாற்பத்தாறு என்று இருந்தது. பெரிய கூலரோடு அதை ஐம்பத்தொன்றாக்குவதாக எழுதி வைத்திருந்தேன். நாற்பத்தேழு என்று மாற்றினேன். ஒரே ஒரு படி. மறுபடி ஓட்டினேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. சூடு எண்பத்துநான்கு.

டிகிரிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது.

"ஒரு படியா? இதுக்குப் பேரு ஓவர்கிளாக்கா? மெஷினுக்குத் தெரியுமா நீ கூட்டினது?"

"எனக்குத் தெரியும்ல, போதும்."

"தொண்ணூறு தாண்டினா கூப்பிடு."

ஐந்து நாளும் நிம்மதியில்லை. அலுவலகத்தில் ஒருவர் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டு கத்தியபோது, "இப்ப எத்தனை டிகிரி சார்?" என்று கேட்டுவிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நாற்பது பேன்ட்டையும் முடித்தாள். முன்பக்க வலையில் பஞ்சு படிந்தது. தினமும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் கடைசிப் படம் முடிந்தது. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே போட்டுப் பார்த்தார். திரை வந்த உடனே கதவு திறந்தது.

"சட்டுன்னு ஆரம்பிக்குதே. முன்னாடி எதையாவது வெட்டிட்டீங்களா?"

"ஆமா மேடம். நேரம் பத்தல."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான்கு நாள் யோசித்து, எழுதியிருக்கக்கூடிய எட்டுக் குறைகளை நோட்டில் வரிசையாகக் குறித்து வைத்தேன். எல்லாமே தப்பு. புதன்கிழமை அறிவித்த இரண்டு பெயர்களில் என்னுடையது இரண்டாவது.

வீட்டில் சொன்னதும் அண்ணன் கை கொடுத்தான். "வாசல்ல நின்னுச்சே, அத என்ன பண்ண?" என்று கேட்டான். பழுதானதால் எடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பெரிய கூலரைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. "நோட்டு மேடம், சொன்னேனே," என்று மட்டும் சொன்னார். அது இப்போது தையல் மெஷின் மேல் நிற்கிறது. அதன் தகடுகளின் இடைவெளி தையல் சாக்பீஸ் நிற்கச் சரியாக இருக்கிறது என்று அம்மா கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு கோபுரத்தில் சாக்பீஸ், இன்னொன்றில் ஊசிகள். நான் மூன்று முறை அளந்து, சந்தேகமே இல்லாமல் வாங்கிய பொருள் அது.

நேற்று அம்மா ஒரு சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இத அளந்து சொல்லு," என்றாள். டேப்பை எடுத்தேன்.

"எதுலேருந்தும்மா?" என்று கேட்டேன்.

"இப்பக் கேக்கிற," என்றாள் அம்மா. "பத்துலேருந்து."